பனியன் துணி டீ-ஷர்ட்டில் அப்ளிக்: நெளியாமல், சுருங்காமல் தைப்பது எப்படி?

கிழியவில்லை, சாயம் போகவில்லை, ஆனால் நெஞ்சில் சரியாக நடுவில் ஒரு மைக்கறை. தூக்கிப் போடவும் மனம் வராது, போட்டுக்கொண்டு வெளியே போகவும் முடியாது. இப்படி ஒரு டீ-ஷர்ட் உங்களிடமும் இருந்தால் அப்ளிக் பழக அதுதான் சரியான துணி. வேறொரு துணியை மீனாகவோ இலையாகவோ எழுத்தாகவோ வெட்டி, சட்டையின் மேல் வைத்து ஓரத்தைத் தைத்துவிடுவதுதான் அப்ளிக். கறையும் மறையும், சட்டையும் புதிதாகிவிடும்.

நான் முதலில் தைத்தது ஒரு மீன், அக்கா மகனின் சட்டையில். துணியை வெட்டினேன், நான்கு குண்டூசி குத்தினேன், மெஷினில் வைத்து, இடமும் வலமுமாக மாறி மாறி விழும் ஜிக்ஜாக் தையல் ஓட்டினேன். ஓட்டும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. மெஷினை விட்டு வெளியே எடுத்ததும் மீனைச் சுற்றிச் சட்டை அலை அலையாக நெளிந்து நின்றது, மீனின் வயிறு உப்பிக்கொண்டது. அயர்ன் செய்து பார்த்தேன், அடங்கவில்லை. கடைசியில் தையலை எல்லாம் பிரித்தேன். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

தவறு தையலில் இல்லை, துணியைப் புரிந்துகொள்ளாததில். சாதாரணச் சட்டைத் துணி நெய்தது. நெடுக்கு இழையும் குறுக்கு இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், நேராக இழுத்தால் அதிகம் நீளாது. பனியன் துணி பின்னப்பட்டது. ஒரு நூல் வளையத்துக்குள் இன்னொரு வளையம். இழுத்தால் வளையங்கள் விரியும், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். மெஷினில் துணியைப் பிடிக்கும் பாதமான புட் மேலிருந்து அழுத்துகிறது, கீழே பற்கள் இழுக்கின்றன, நம் கையும் சும்மா இருப்பதில்லை. சட்டை விரிந்த நிலையிலேயே தைக்கப்பட்டுவிடுகிறது. பிறகு சட்டை பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், மேலே தைத்த துணி விடாது. அந்த இழுபறிதான் நெளிவு. இனி சொல்லப்போகும் எல்லாமே தையல் முடியும்வரை சட்டை விரியாமல் பார்த்துக்கொள்ளும் வழிகள்தான்.

துணியும் சாமானும்

சட்டை கொஞ்சம் தடிமனான பருத்திப் பனியன் துணியாக இருந்தால் நல்லது. உடம்பு தெரியும் அளவு மெல்லியதும், வரிவரியாக ரிப் போட்டதும், லைக்ரா அதிகம் கலந்ததும் முதல் முறைக்கு வேண்டாம்.

மேலே வைக்க மெல்லிய பருத்தித் துணி போதும். ஜீன்ஸ் துணியை வைத்தால் நெஞ்சில் அட்டை கட்டிக்கொண்டதுபோல் இருக்கும். பழைய டீ-ஷர்ட்டை வெட்டி வைப்பதுதான் எனக்குப் பிடித்தது. பனியன் துணியின் ஓரம் பிசிறாது, சட்டையோடு சேர்ந்து மடங்கும், நீளும்.

இரண்டையும் முதலில் துவைத்துக் காயவையுங்கள். புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். தைத்த பிறகு ஒன்று மட்டும் சுருங்கினால் செய்த வேலை வீண். கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் எதுவும் சேர்க்க வேண்டாம், பசை சரியாகப் பிடிக்காது. அடர் சிவப்பு, கருநீலம் என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதை வெள்ளைச் சட்டையில் வைக்காதீர்கள்.

வாங்க வேண்டியவை இரண்டு தாள்கள். ஒன்று, அப்ளிக்குக்கென்றே விற்கும் பசைத்தாள்: ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் சூட்டில் உருகும் பசை. மற்றொன்று, துணி நீளாமல் பிடித்துக்கொள்ள சட்டைக்கு உள்பக்கம் வைக்கும் ஸ்டெபிலைசர். இதில் கிழித்து எடுப்பது, வெட்டி எடுப்பது என்று இரண்டு வகை உண்டு. பனியன் துணிக்கு வெட்டி எடுக்கும் வகையே மேல். ஓரத்தை மட்டும் கத்தரித்துவிட்டு மீதியை உள்ளேயே விட்டுவிடுவோம். சட்டை எத்தனை முறை துவைத்தாலும் தையலைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஊசி. பால்பாயின்ட் ஊசி, 75/11 அளவு. 75 என்பது ஊசித் தண்டின் தடிமன் 0.75 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும், 11 அதே அளவின் அமெரிக்க எண். இதன் முனை லேசாக உருண்டிருக்கும், அதனால் நூலைக் குத்திக் கிழிக்காமல் வளையங்களை விலக்கிக்கொண்டு இறங்கும். கூர் ஊசி வளையத்தை அறுத்துவிட்டால் சின்ன ஓட்டை விழும், நாலு துவைப்பில் அது பெரிதாகும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், சட்டை நீளும்போது சுலபத்தில் அறாது. மேல்நூல் அப்ளிக் துணியின் நிறத்திலேயே இருந்தால் ஆரம்பக் கோணல்கள் கண்ணில் படாது. எடுப்பாகத் தெரிய வேறு நிறம் போடும் ஆசையை மூன்றாவது சட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வரைவது, வெட்டுவது

உள்ளங்கை அளவுக்குள், கூர் முனை குறைவாக உள்ள வடிவமாக எடுங்கள். பேரிக்காய், இலை, மேகம், குண்டு மீன். ஐந்து முனை நட்சத்திரம் பார்க்க எளிதாக இருக்கும். தைத்தால்தான் தெரியும், பத்து இடத்தில் திருப்ப வேண்டும்.

பசைத்தாளின் காகிதப் பக்கத்தில் வடிவத்தை இடவலமாக மாற்றி வரைய வேண்டும். இந்தத் தாளைத் துணியின் பின்பக்கம் ஒட்டப்போகிறோம் அல்லவா, முன்பக்கம் திருப்பும்போது எல்லாம் மாறிவிடும். மீன் என்றால் வலப்பக்கம் போவது இடப்பக்கம் போகும், அவ்வளவுதான். எழுத்து என்றால் தொலைந்தோம். அக்கா மகளுக்கு அவள் பெயரின் முதல் எழுத்தை ஒட்டிக் கொடுத்தபோது நான் இதை மறந்துவிட்டேன். அவள் கண்ணாடி முன்னால் நின்று, 'இங்கே சரியாத்தான் இருக்கு சித்தி' என்றாள்.

வரைந்த கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் வெளியே தள்ளித் தாளை வெட்டி, துணியின் பின்பக்கம் வைத்து அயர்ன் செய்யுங்கள். எவ்வளவு சூடு, எத்தனை நொடி என்பது தாளுக்குத் தாள் மாறும். உறையில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறியதும் கோட்டின் மேலேயே கத்தரியுங்கள். கத்தரிக்கோலை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு துணியைத் திருப்பினால் வளைவு பிசிறில்லாமல் வரும். காகிதத்தை ஓரத்திலிருந்து உரிக்கப் போனால் துணியின் ஓரம் பிய்யும். நடுவில் குண்டூசியால் ஒரு கீறல் போட்டு அங்கிருந்து உரியுங்கள்.

இடம் பார்ப்பது, ஒட்டுவது

கறையை மறைப்பதென்றால் இடம் முன்பே முடிவாகிவிட்டது. இல்லையென்றால் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று வைத்துப் பாருங்கள். மேசையில் நடுவாகத் தெரிவது உடம்பில் வயிற்றுக்கு இறங்கிவிடும். பெரியவர்கள் சட்டையில் கழுத்துப் பட்டைக்கு 7 அல்லது 8 சென்டிமீட்டர் கீழே தொடங்கினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். சட்டையை நெடுக்காகச் சரிபாதியாக மடித்து லேசாக அயர்ன் செய்தால் நடுக்கோடு கிடைத்துவிடும்.

அடுத்ததில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். அயர்ன் பெட்டியைத் தேய்க்கக் கூடாது. தூக்கி வைத்து அழுத்துங்கள், தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்தால் பெட்டி போகும் திசையில் பனியன் துணி நீளும், நீண்ட நிலையிலேயே பசை பிடித்துக்கொள்ளும், ஆறியதும் சட்டை சுருங்க அப்ளிக் கொப்புளமாகக் கிளம்பும். அழுத்துவதற்கு முன் சட்டையை மேசையில் போட்டு இரண்டு கையாலும் மெல்லத் தட்டிப் பரப்புங்கள், இழுத்துச் சமப்படுத்த வேண்டாம். அதன் மேல் வடிவத்தை வைத்து, மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் போர்த்தி அழுத்துங்கள். ஆறும்வரை நகர்த்தாதீர்கள்.

இப்போது சட்டையை உள்வெளியாகத் திருப்பி, அப்ளிக்கின் பின்னால் ஸ்டெபிலைசரை வையுங்கள். நாலு பக்கமும் 3 சென்டிமீட்டராவது வெளியே நீண்டிருக்கட்டும். பசையுள்ள வகை என்றால் அயர்ன் செய்து ஒட்டலாம், இல்லையென்றால் பிறகு பிரித்துவிடும்படி கையால் கச்சா தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒட்டியதும் சட்டையின் அந்த இடத்தை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். நீளாமல் நின்றால் பாதி வேலை முடிந்தது.

மெஷினில்

நேராகச் சட்டையில் இறங்காதீர்கள். பழைய பனியன் துண்டில் இதே தாள், இதே துணி, இதே நூல் வைத்து ஒரு கை நீளம் தைத்துப் பாருங்கள். ஜிக்ஜாக் அகலம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர், தையல் நீளம் 1 முதல் 1.5. கடையில் வாங்கும் சட்டைகளில் ஓரம் முழுக்க நூலால் மூடிய நெருக்கமான சாட்டின் தையல் இருக்கும். அதற்கு நீளம் 0.5-க்கும் கீழே போக வேண்டும். அத்தனை நூல் ஒரே இடத்தில் இறங்கினால் பனியன் துணி சாதாரணமாகத் தாங்காது. கொஞ்சம் இடைவெளி விட்ட ஜிக்ஜாக் பனியன் துணிக்கு அழகாகவே இருக்கும்.

மாதிரித் துண்டு நெளிந்தால் முதலில் புட்டின் அழுத்தத்தைக் குறையுங்கள். பல மெஷின்களில் புட் கம்பிக்கு நேர் மேலே அதற்கென்று திருகாணி இருக்கும். தையல் விட்டு விட்டு விழுந்தால் நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷனைத் திருகுவதற்கு முன் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

சரி, சட்டைக்கு வருவோம். சட்டையைக் கீழ் வாய் வழியாக மெஷினுக்குள் விட்டு, முன்பக்கம் மட்டும் ஊசிக்கு அடியில் இருக்கிறதா என்று கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். முன்னும் பின்னும் சேர்த்துத் தைத்து மூடாதவர்கள் இந்த வேலையில் குறைவு.

தொடங்குவது கூர் முனையில் வேண்டாம், நேரான அல்லது மெதுவாக வளையும் இடத்தில் தொடங்குங்கள். ஊசி வலப்பக்கம் இறங்கும்போது அப்ளிக் ஓரத்தை ஒட்டிச் சட்டையில் விழ வேண்டும், இடப்பக்கம் இறங்கும்போது அப்ளிக்குக்குள் விழ வேண்டும். கை துணியை இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. வழிகாட்டினால் போதும்.

மீனின் முதுகு போல வெளியே வளையும் இடத்தில், ஊசி வலப்பக்கம், அதாவது சட்டையில் இறங்கியிருக்கும்போது நிறுத்துங்கள். புட்டைத் தூக்கி, துணியைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பி, புட்டை இறக்கி மூன்று நான்கு தையல் போடுங்கள். மறுபடி நிறுத்தித் திருப்புங்கள். வால் தொடங்கும் இடுப்பு மாதிரி உள்ளே வளையும் இடத்தில் இதற்கு நேர்மாறு: ஊசி அப்ளிக்குக்குள் இருக்கும்போது திருப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் தையல்களுக்கு இடையே ஆப்பு வடிவில் இடைவெளி விழும். முதல் தடவை இது கையில் வராது. மோட்டாரை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்தால் ஊசி எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். வால் நுனியில் ஓரத்தைத் தாண்டி ஒரு தையல் போய், ஊசியை வெளிப்பக்கம் நிறுத்தித் திருப்பிக்கொள்ளுங்கள்.

தொடங்கிய இடத்துக்கு வந்ததும் நான்கைந்து தையல் மேலேயே போய் நிறுத்துங்கள். நூல் முனைகளைக் கை ஊசியால் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுங்கள். பின்தையல் போட்டு முடித்தால் அந்த இடம் தடிப்பாகத் தெரியும்.

மெஷின் இல்லையா? எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும், அதில் இரண்டோ மூன்றோ பிரித்தெடுத்து ஓரம் முழுக்கக் கம்பளித் தையல் (பிளாங்கெட் ஸ்டிச்) போடுங்கள், 4 மில்லிமீட்டர் இடைவெளியில். ஒவ்வொரு தையலையும் நூல் துணியில் படிந்தால் போதும் என்று விட்டுவிடுங்கள். இறுக்கினால் சட்டை நீளும்போது நூல் அறும். நேர்த்தையல் மட்டும் போடும் மெஷின் என்றால் ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சுற்று ஓட்டலாம். நெய்த துணியாக இருந்தால் துவைக்கத் துவைக்க ஓரம் கொஞ்சம் பிசிறும். சிலருக்கு அந்தப் பிசிறுதான் பிடிக்கும், எனக்கும்தான்.

முடிக்கும்போது

உள்பக்கம் தையலுக்கு அரை சென்டிமீட்டர் வெளியே விட்டு ஸ்டெபிலைசரைக் கத்தரியுங்கள். மொண்ணை முனைக் கத்தரிக்கோலாக இருந்தால் நல்லது. இந்த இடத்தில் அவசரப்பட்டுச் சட்டையையே வெட்டி, அந்த ஓட்டையை மறைக்க இரண்டாவது மீன் தைத்த அனுபவம் எனக்கு உண்டு. குழந்தைகள் சட்டை என்றால் பின்பக்கத் தையல் உடம்பில் உறுத்தும். அதன் மேல் மென்மையான, நீளக்கூடிய பசை லைனிங் ஒரு துண்டு அயர்ன் செய்து ஒட்டிவிடுங்கள், முனைகளை வட்டமாக வெட்டி. கூர் முனைதான் முதலில் பெயரும்.

லேசான நெளிவு இருந்தால் பயப்பட வேண்டாம். உள்பக்கமிருந்து ஈரத் துணி போட்டு அழுத்தி, ஆறும்வரை அப்படியே விட்டால் கொஞ்சம் அடங்கும். அதற்கும் அடங்காத அலை என்றால் சட்டை இழுபட்ட நிலையில் தைக்கப்பட்டிருக்கிறது, பிரித்துத்தான் ஆக வேண்டும்.

துவைக்கும்போது உள்வெளியாகத் திருப்பி, பச்சைத் தண்ணீரில் போடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். கொடியில் தோளில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் ஈரப் பனியன் துணி தன் எடையிலேயே நீளும். இடுப்பளவில் பாதியாக மடித்துப் போடுங்கள். காய்ந்ததும் அப்ளிக் ஓரத்தை நகத்தால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். தையலுக்கு நடுவே எங்காவது தூக்கிக்கொண்டிருந்தால் துணியைப் போர்த்தி மறுபடி ஒருமுறை அழுத்தினால் பசை பிடித்துக்கொள்ளும்.