கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று: அன்றாடத்தைச் சமாளிக்கும் வழிகள்

முதல் கர்ப்பத்தில் களைப்பாக இருந்தால் படுத்துவிடலாம். கையில் ஒன்றரை, இரண்டு, மூன்று வயதில் ஒரு பிள்ளை இருக்கும்போது அது நடக்காது. அதற்குப் பசிக்கும், ஓடும், தூக்கச் சொல்லி அழும். "நல்லா ரெஸ்ட் எடு" என்று சொல்கிறவர்கள் அந்த ஓய்வை எப்படி எடுப்பது என்று சொல்வதில்லை. முதலில் செய்ய வேண்டியது இதுதான்: நீங்கள் குனிந்து, தூக்கிச் செய்கிற வேலைகளை ஒவ்வொன்றாகப் பிள்ளையே ஏறி வந்து செய்துகொள்கிற வேலைகளாக மாற்றுங்கள். நாலாம் மாதத்திலேயே ஆரம்பித்துவிட்டால் பிரசவத்துக்குள் பழகிவிடும். பாப்பா வந்ததால்தான் எல்லாம் மாறிப்போச்சு என்று பிள்ளை நினைக்கவும் இடமிருக்காது.

மசக்கை மாதங்கள்

முதல் மூன்று மாதத்தில் வருகிற தூக்கத்தை அடக்கவே முடியாது. பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும்போதே கண் செருகும். அதனால், கர்ப்பம் உறுதியான வாரமே வீட்டில் ஓர் அறையைத் தயார் செய்துவிடுங்கள். நீங்கள் பத்து நிமிடம் கண் அசந்தாலும் ஆபத்து வராத அறையாக அது இருக்க வேண்டும். அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகி வையுங்கள். பிளக் ஓட்டைகளை மூடுங்கள். ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். மருந்து, நாணயம், பட்டன் பேட்டரி, தண்ணீர் நிறைந்த வாளி எதுவும் அங்கே இருக்கக் கூடாது. பட்டன் பேட்டரியைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு: விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையோடு உள்ளே படுங்கள்.

படுத்தபடியே ஆடக்கூடிய விளையாட்டுகள் நிறைய உண்டு. நீங்கள் நோயாளி, பிள்ளை டாக்டர். அல்லது உங்கள் முதுகுதான் ரோடு, அதன் மேல் பொம்மை கார் ஓடும். பக்கவாட்டில் படுத்துக்கொண்டு இதை அரை மணி நேரம் ஓட்டலாம்.

காலைக் குமட்டலுக்கு எழுந்திருக்கும் முன்பே உலர்ந்த தீனி கொஞ்சம் சாப்பிடுவது பலருக்கு உதவும். கட்டில் பக்கத்தில் ஒரு டப்பாவுக்குப் பதில் இரண்டு டப்பா வையுங்கள். ஒன்றுதான் இருந்தால் பிள்ளை அதைக் கேட்கும், நீங்கள் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு எழுந்திருப்பீர்கள். டயப்பர் நாற்றம் தாங்கவில்லையென்றால் ஜன்னலோரத்தில் வைத்து மாற்றுங்கள். முடிகிற வீடுகளில் அந்த வேலையைக் கணவரிடம் முழுசாகவே விட்டுவிடுவது நல்லது.

தூக்குவது

எல்லாரும் கேட்கிற கேள்வி: பிள்ளையைத் தூக்கலாமா? சிக்கல் இல்லாத கர்ப்பத்தில், முறையாகத் தூக்கினால், பெரும்பாலும் தூக்கலாம். இரத்தக்கசிவு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, கருப்பைவாயின் நீளம் குறைந்திருப்பது, முன்பு குறைமாதப் பிரசவம் ஆனது, இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தூக்க வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் இடுப்பெலும்பின் மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் ஹார்மோனால் தளர்ந்து கொடுக்கும். வயிறு முன்னால் தள்ளுவதால் உடலின் எடையும் முன்னால் நகரும். இந்த நிலையில் பன்னிரண்டு கிலோ பிள்ளையைத் தரையிலிருந்து குனிந்து எடுத்தால் முழுப் பாரமும் கீழ் முதுகில் இறங்கும். ஒரு பக்க இடுப்பில் வைத்துக்கொண்டே நின்று வேலை செய்தால் இடுப்புப் பூட்டில் வலி பிடித்துக்கொள்ளும். படி ஏறும்போதும் ஒற்றைக் காலில் நின்று உடை மாட்டும்போதும் தொடை இடுக்கில் சுருக்கென்று குத்தினால் அதன் அறிகுறிதான். அப்படி இருந்தால் உட்கார்ந்து உடை மாற்றுங்கள். கட்டிலில் இருந்து எழும்போது முழங்கால்களைச் சேர்த்து, பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள்.

தூக்கியே ஆக வேண்டுமென்றால்: பிள்ளையை முதலில் ஒரு ஸ்டூல் மேலோ சோபா மேலோ ஏறி நிற்கச் சொல்லுங்கள். கால்களைக் கொஞ்சம் அகட்டி நின்று, முழங்காலை மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். தூக்கிய பிறகு இடுப்பைத் திருப்பாதீர்கள், காலை எடுத்து வைத்து உடம்போடு திரும்புங்கள்.

பெரும்பாலான தூக்கலைத் தவிர்த்துவிடலாம் என்பதுதான் நல்ல செய்தி. வாஷ்பேசின் முன்னால், கட்டிலுக்குப் பக்கத்தில், டாய்லெட்டில் என்று மூன்று இடத்தில் ஆடாத, வழுக்காத ஸ்டூல் போட்டால் ஒரு நாளில் பாதித் தூக்கல் குறையும். டயப்பரை நிற்க வைத்தே மாற்றலாம், ஒன்றேகால் வயதுக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகள் ஒத்துழைக்கும். குளிப்பாட்டும்போது நீங்களும் ஒரு தாழ்வான ஸ்டூலில் உட்காருங்கள், தரையில் வழுக்காத பாய் போடுங்கள். நின்றபடி குனிந்து குளிப்பாட்டுவதில்தான் முதுகும் போகிறது, வழுக்கியும் விழுகிறார்கள்.

கதவைத் திறந்ததும் "அம்மா தூக்கு" என்று ஓடி வருகிற பிள்ளையிடம் என்ன சொல்வது? "வயித்துல பாப்பா இருக்கு, தூக்க முடியாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்னும் பிறக்காத ஒன்றின் மேல் பழி விழுகிறது. அதே வாக்கியத்தைப் பத்துப் பேர் பத்துத் தடவை சொன்னால் பகை முளைத்துவிடும். "இரு, அம்மா உட்கார்ந்துக்கறேன், மடியில ஏறிக்கோ" என்று சொல்லிவிட்டு உடனே உட்காருங்கள். பிள்ளைக்கு வேண்டியது உயரமல்ல, உங்கள் நெஞ்சில் சாய்வதுதான். பசிக்கும் தூக்கத்துக்கும் இதே விதிதான்: "பாப்பாவால" என்ற சொல் மறுப்போடு சேர்ந்து வரக் கூடாது.

தரையில் புரண்டு அடம்பிடிக்கும் பிள்ளையை வாரித் தூக்கப் போகாதீர்கள், உதைக்கிற கால் நேராக வயிற்றில் படும். சுற்றி இருக்கிற சாமானை நகர்த்திவிட்டு, ஒரு கை தள்ளிப் பக்கவாட்டாக உட்கார்ந்து அடங்கும் வரை காத்திருங்கள். பிள்ளை தவறிப்போய் வயிற்றில் முட்டுவதால் பொதுவாக ஆபத்தில்லை, பனிக்குட நீர் தாங்கிக்கொள்ளும். ஆனால் பலமான அடி, படியில் சறுக்கியது, அடிபட்டதும் வயிறு இறுகுவது, இரத்தம் படுவது, அசைவு குறைவது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெகட்டிவ் இரத்த வகை உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், வேண்டிய ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியிருக்கும்.

வெளியே கை உதறி ஓடுகிற பிள்ளையைத் துரத்த ஏழாம் மாதத்தில் உங்களால் முடியாது. "நில்!" என்றதும் சிலையாக நிற்கிற விளையாட்டை இப்போதே வீட்டில் தினம் ஆடிப் பழக்குங்கள். நிற்கும்போதெல்லாம் கைதட்டுங்கள். ஆனாலும் வண்டி போகிற ரோட்டில் விளையாட்டை நம்பாதீர்கள், அங்கே கையைப் பிடித்தே நடக்க வேண்டும்.

மாத்திரையும் தொற்றும்

இரண்டாவது கர்ப்பத்தில் மாத்திரை மறந்துபோவது சகஜம். பிள்ளை காலையில் பல் தேய்ப்பது போன்ற தவறாத வேலை ஒன்றோடு அதைக் கட்டிவிடுங்கள். முதல் 12 வாரத்துக்கு ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் என்பது பொது அளவு, சிலருக்கு டாக்டர் கூட்டிக் கொடுப்பார். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீ, காபிக்கும் ஒரு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். முதல் பிள்ளை பிறந்து ஒன்றரை வருடத்துக்குள் அடுத்தது உருவாகியிருந்தால், இரும்புச் சேமிப்பு மீளாமலே இருக்கலாம். ஹீமோகுளோபின் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதே இரும்பு மாத்திரை சிறு பிள்ளைக்கு விஷம். சிவப்பாக, பளபளப்பாக மிட்டாய் போலவே இருக்கும். சில மாத்திரைகளே உயிருக்கு ஆபத்தாகலாம். முதலில் வாந்தியும் பேதியும் வரும், பிறகு சில மணி நேரம் பிள்ளை தெளிந்துவிட்டதுபோல் தெரியும், அதற்கப்புறம்தான் நிலைமை மோசமாகும். அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைப்பையிலோ தலையணைக்கு அடியிலோ மாத்திரை வைக்காதீர்கள், பூட்டிய அலமாரியின் மேல்தட்டுதான் அதற்கு இடம்.

சிறு பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் சைட்டோமெகலோ வைரஸ் இருக்கலாம். பிள்ளைக்கு எந்த அறிகுறியும் தெரியாது, ஆனால் கர்ப்பத்தில் உங்களுக்குத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையின் காது கேட்கும் திறனைக்கூடப் பாதிக்கலாம். டயப்பர் மாற்றியபின், மூக்கு துடைத்தபின், சோப்பு போட்டு 20 வினாடி கை கழுவுங்கள். பிள்ளை மிச்சம் வைத்த சாப்பாட்டை நீங்கள் சாப்பிட வேண்டாம், ஒரே ஸ்பூனும் டம்ளரும் வேண்டாம். முத்தம் நெற்றியிலோ தலையிலோ கொடுங்கள். தாய்மாருக்குக் கஷ்டமானது அந்த மிச்சச் சாப்பாடுதான், வீணாகிறதே என்று வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றும். தட்டில் குறைவாகப் பரிமாறினால் அந்தச் சங்கடமே இல்லை. பிள்ளைக்கோ அது போகும் பள்ளியிலோ அம்மை, உடம்பில் தடிப்பு, கன்னம் சிவந்து காய்ச்சல் என்று எது வந்தாலும், உங்களுக்கு எதுவும் தெரியாவிட்டாலும், டாக்டரிடம் சொல்லுங்கள்.

பால், தூக்கம், பழக்கங்கள்

மூத்தது இன்னும் தாய்ப்பால் குடிக்கிறதென்றால், சிக்கலற்ற கர்ப்பத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றில்லை. காம்பு வலிக்கும், பால் குறையும், நாலைந்து மாதத்துக்குமேல் அது சீம்பாலாக மாறி ருசியும் மாறும். சில பிள்ளைகள் தாமாகவே விட்டுவிடும். குறைமாத வலி அபாயமோ இரத்தக்கசிவோ இருந்தால் டாக்டர் நிறுத்தச் சொல்லலாம். நிறுத்துவதானால் பகல் பாலில் ஆரம்பித்து, ஒவ்வொரு வேளையாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள், தூங்கும் முன் கொடுப்பது கடைசியில் போகட்டும்.

இருபத்தெட்டு வாரத்துக்குமேல் பக்கவாட்டில் படுத்தே தூங்கப் போங்கள். மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்தும். இடையில் விழித்துப் பார்க்கும்போது மல்லாந்திருந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும். பக்கத்தில் படுக்கிற பிள்ளை இரவெல்லாம் உதைக்குமென்றால் நடுவில் நீளத் தலையணை வையுங்கள்.

தனிப் படுக்கை, டாய்லெட் பழக்கம், பள்ளியில் சேர்ப்பது போன்ற பெரிய மாற்றங்களைப் பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் பாப்பா வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து ஆரம்பிக்கலாம். ஒன்பதாம் மாதத்தில் டயப்பரை விட வைத்தால், பாப்பா வந்ததும் பெரும்பாலும் மறுபடி நனைக்கும். அப்போது திட்டாமல் டயப்பரையே போட்டுவிடுங்கள், சில வாரத்தில் திரும்பி வரும்.

அசைவும் அபாய அறிகுறிகளும்

இரண்டாவதில் அசைவு சீக்கிரம் தெரியும், பலருக்கு 16 முதல் 18 வாரத்திலேயே. ஆனால் பிள்ளை பின்னால் ஓடும்போது அசைவைக் கவனிக்க முடியாது. 28 வாரத்துக்குமேல் தினம் பிள்ளை தூங்கியபின் பக்கவாட்டில் படுத்து, வேறெதுவும் செய்யாமல் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது தெரிய வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் காலை வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே போங்கள்.

இரத்தக்கசிவு, பனிக்குட நீர் கசிவு, விடாத தலைவலி, கண்ணில் மின்னல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மேல்வயிற்று வலி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தாங்க முடியாத அரிப்பு ஆகியவற்றைக் களைப்பின் மேல் போட்டுவிடாதீர்கள். பொய் வலி இரண்டாவதில் சீக்கிரமே வரும். தண்ணீர் குடித்து ஒரு பக்கமாகப் படுத்தால் பெரும்பாலும் அடங்கும். 37 வாரத்துக்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு தடவை வயிறு இறுகினால் அது பொய் வலி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

பிரசவ நாள்

இரண்டாவது பிரசவம் பொதுவாக முதலைவிட வேகமாக நடக்கும். எந்த இடைவெளியில் வலி வந்தால் கிளம்ப வேண்டும் என்று 34 வாரத்திலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், முதல் தடவைக் கணக்கு உதவாது. மூத்ததைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும், அவர் வர முடியாவிட்டால் இன்னொருவரையும் ஏற்பாடு செய்யுங்கள். நடு இரவில் வலி வரலாம், ஆகவே அவர்களோடு பிள்ளை ஓரிரு இரவாவது முன்பே தூங்கிப் பழகியிருக்க வேண்டும். ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்: சாப்பாடு, தூக்கம் எந்த நேரம், எதற்கு ஒவ்வாமை, எடைக்கேற்ற காய்ச்சல் மருந்தின் அளவு, தூங்க எந்தத் துணி வேண்டும், அது பேசும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம். 'பூபூ' என்றால் போர்வை என்று தெரியாமல் பாட்டி இரவெல்லாம் பால் ஆற்றிக்கொண்டிருக்கக் கூடாது. கிளம்பும்போது தூங்காமல் இருந்தால் சொல்லிவிட்டே போங்கள். அழும்தான், ஆனால் சொல்லாமல் மறைந்தால் அதற்கப்புறம் உங்களைப் பாத்ரூமுக்குக்கூட விடாது.

மூத்தது முதலில் பார்க்க வரும்போது பாப்பா தொட்டிலில் இருக்கட்டும், உங்கள் இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். சிசேரியன் ஆனால் பாப்பாவைவிடக் கனமான எதையும் சில வாரம் தூக்கக் கூடாது என்பார்கள். ஸ்டூல் ஏறி மடிக்கு வருகிற பழக்கம் அப்போதுதான் கைகொடுக்கும். வயிற்றுக்குமேல் ஒரு தலையணையை வைத்துக்கொண்டால் தையலில் முழங்கால் படாது.

பால் கொடுக்கிற நேரத்தில்தான் மூத்தது எதையாவது கொட்டும், உடைக்கும். அந்த நேரத்தில் மட்டும் திறக்கிற ஒரு பெட்டி வைத்து, உள்ளே இருப்பதை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். உட்காரும் முன் மூத்ததை டாய்லெட்டுக்குக் கூட்டிப் போய்விட்டு, தண்ணீர் கொடுத்து, வெளிக்கதவைத் தாழ் போட்டுவிட்டு, அந்த ஆபத்தில்லாத அறையிலேயே உட்காருங்கள். பாப்பாவையும் மூத்ததையும் ஒரே கட்டிலில் விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட வெளியே போகாதீர்கள். காலிங் பெல் அடித்தால் பாப்பாவைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, மூத்ததைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறங்கள்.