கோவா கேசினோப் பயணத்துக்கு ஓட்டல் தேர்வு

மும்பையில் மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ வார இறுதியில் கோவா கேசினோவுக்குக் கிளம்பும் நம்மவர்களில் பலர், கடற்கரை அழகாயிருக்கிறது என்று கலங்கூட்டில் அறை எடுத்துவிட்டு, நள்ளிரவுக்குப் பின் பணஜியிலிருந்து திரும்ப டாக்சிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். கேசினோக் கப்பல்கள் நிற்பது பணஜியில், மாண்டவி ஆற்றில். கரையிலிருந்து சிறு படகில் அழைத்துச் செல்வார்கள். ஆகவே ஆட்டம்தான் நோக்கமென்றால் பணஜி நகருக்குள்ளோ அதையொட்டிய மிராமாரிலோ தங்குவதே நல்லது.

ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குள்ளேயே கேசினோ இருந்தால் படகுப் பயணமும் மிச்சம். ஆனால், கோவா சட்டப்படி தரையில் உள்ள கேசினோக்களுக்கு மின்னணு ஆட்ட இயந்திரங்களுக்கே அனுமதி உண்டு. சீட்டு மேசையை விரும்புகிறவர்கள் எப்படியும் கப்பலுக்குத்தான் போக வேண்டும்.

ஆற்றைப் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். கப்பல்களின் வண்ண விளக்குகள் திரைச்சீலையின் இடுக்கு வழியே விடிய விடியக் கண்ணைக் குத்துமென்பதால், தூக்கம் முக்கியமென்றால் (எனக்கு முக்கியம்) பின்பக்க அறையைக் கேளுங்கள்.

ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். இணையத்தில் காட்டும் விலையில் அது அடங்குமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விடியற்காலையில் படுப்பவருக்குக் காலை உணவு பெரும்பாலும் வீண். அதைவிட, அறையைத் தாமதமாகக் காலி செய்ய அனுமதி உண்டா என்று முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.