அயர்லாந்தின் நாட்டார் கதைகளைப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் முதியோரிடம் கதை கேட்டு எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் சிலர் தங்கள் குறிப்பேடுகளை என்னிடம் காட்டினார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகள் அவற்றில் அப்படியே இருந்தன. தேதி எழுத மறப்பது, பதிவுக் கருவியில் மின்கலம் தீர்ந்துபோவது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பலர் சொன்னதைக் கலந்து ஒரே கதையாக்குவது

தனித்து நிற்கும் ஹாதார்ன் முள்மரம் 'தேவதைகள்' (fairies) எனப்படுவோருக்கு உரியது, அதை வெட்டக் கூடாது என்பது அங்கே ஆழ வேரூன்றிய நம்பிக்கை. 1999இல் லட்டூன் என்னுமிடத்தில் நெடுஞ்சாலைக்காக வெட்டப்படவிருந்த அத்தகைய மரமொன்று, கதைசொல்லி எடி லெனிஹன் குரல் கொடுத்தபின் காப்பாற்றப்பட்டது. இந்த நம்பிக்கையைப் பற்றி என்னிடம் மூவர் பேசினார்கள். ஒருவர் சொன்னதில் மரத்தை வெட்டியவனின் வாய் கோணிப்போயிற்று. இன்னொருவர் சொன்னதில் பசுவின் மடி வற்றிற்று. மூன்றாமவரான பாட்டி, தன் தந்தை உழுதுகொண்டிருந்தபோது குதிரை அந்த மரத்தருகே நின்றுவிட்டதை மட்டும் சொல்லி, "அதற்குமேல் அப்பா பேசமாட்டார்" என்று முடித்துக்கொண்டார்.

படிக்கச் சுவையாக இருக்குமென்று மூன்றையும் கோத்து ஒரே கதையாக வெளியிட்டேன். குறிப்புகளையும் தூக்கி எறிந்துவிட்டேன். பாட்டி ஒருமுறைகூடத் 'தேவதை' என்று சொல்லவில்லை, 'அந்த நல்லவர்கள்' என்றே சொன்னார். நஞ்சுள்ள பாம்பை நாம் நல்ல பாம்பு என்பதுபோல, பெயர் சொல்லி அழைக்கத் தயங்கும் அச்சம் அந்தச் சொல்லில் இருந்தது. நான் அதைத் 'தேவதைகள்' என்று மாற்றியதும் சிறகு முளைத்த சிற்றுருவங்கள் வந்து நின்றன, அச்சம் போய்விட்டது. பாட்டி இறந்தபின் அவருடைய பேரன் வந்து, "இதில் எங்கள் பாட்டி சொன்ன வார்த்தைகள் எவை?" என்று கேட்டார். என்னால் பிரித்துக் காட்ட முடியவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

1935இல் அமைந்த அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் சேகரிப்பாளர்கள், எடிஃபோன் கருவியின் மெழுகு உருளைகளில் கதையைப் பதிந்து, சொல்லுக்குச் சொல் எழுதியபின், உருளையைச் சுரண்டி மீண்டும் பயன்படுத்தினார்கள். அதனால் பெரும்பாலான குரல்கள் அழிந்தன. ஆனால் சொன்னவரின் பெயர், வயது, ஊர், அவர் யாரிடம் கேட்டார் என்பது வரை குறித்து வைத்ததால், அந்தக் கதைகள் இன்றும் அவரவருடையவையாகவே இருக்கின்றன.

"நீங்கள் இதை நம்புகிறீர்களா?" என்று கேட்பது

கேட்காதீர்கள். பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

"ஈராயிரம் ஆண்டுப் பழமை"

சான்று இல்லையென்றால் எழுதாதீர்கள்.

பகிரும்போது ஊர்ப்பெயரை விட்டுவிடுவது

பிப்ரவரி 1 அயர்லாந்தின் புனிதர் பிரிஜித்தின் திருநாள். அன்றைக்காகக் கோரைப்புல்லில் பின்னும் சிலுவைக்கு நான்கு கைகள் என்றே பலரும் எழுதுகிறார்கள். மூன்று கைகளுடன் பின்னும் ஊர்களும் உண்டு. ஊர்ப்பெயர் இல்லாத படத்தைப் பார்ப்பவர், மூன்று கைச் சிலுவையைப் பின்னத் தெரியாதவரின் பிழை என்று எண்ணிவிடுவார்.

முன்பே எழுதப்பட்டதைப் படிக்காமல் போவது

1937 முதல் 1939 வரை, 26 மாவட்டங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் மாணவர்கள் தங்கள் வீட்டு முதியோரிடம் கேட்டதை எழுதினார்கள். அந்தப் பக்கங்கள் இணையத்தில் ஊர்வாரியாகக் கிடைக்கின்றன. பாட்டியின் ஊர்ப் பள்ளியின் பக்கங்களை நான் அவர் இறந்த பிறகே படித்தேன். ஒரு சிறுமியின் கையெழுத்தில், குதிரை நின்றுவிட்ட அந்த வயலின் பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் பாட்டி இன்னும் கொஞ்சம் பேசியிருப்பார்.