ஹியூகோ வீவிங்கை எந்தப் படத்தில் தொடங்கி எப்படிப் பார்ப்பது

ஆஸ்திரேலிய நடிகர் ஹியூகோ வீவிங்கின் படங்களை வெளிவந்த வருட வரிசையில் பார்க்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அவர் 1999இல் வந்த 'மேட்ரிக்ஸ்' வில்லன் ஏஜென்ட் ஸ்மித்தாகத்தான் தெரியும், அதனால் அங்கேயே தொடங்கலாம். அடுத்த நாளே 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகத்தைப் போடுங்கள். அதில் எல்ஃப்களின் தலைவர் எல்ராண்டாக வருபவர் இதே ஆள்தான் என்று சொன்னால் இன்றும் பலர் நம்புவதில்லை.

ஒரு நிபந்தனை: டப்பிங் வேண்டவே வேண்டாம். அவர் நடிப்பில் பாதி குரல். ஆங்கிலம் வேகமாகத் தெரிந்தால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

அப்புறம் நேராக 1991க்குப் போய்விடுங்கள். ஜோசலின் மூர்ஹவுஸ் இயக்கிய 'ப்ரூஃப்'. பார்வையில்லாத மார்ட்டின் போட்டோ எடுத்துக்கொண்டே இருப்பார். கண் தெரியாதவருக்கு கேமரா எதற்கு? சின்ன வயதில் ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தில் இன்னின்னது இருக்கிறது என்று அம்மா சொன்னதெல்லாம் உண்மையா, பொய்யா என்ற சந்தேகம் அவரை விடவே இல்லை, அதனால் உலகத்துக்கே சாட்சி சேர்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் போட்டோக்களில் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்பவராக இளவயது ரஸ்ஸல் க்ரோ வருவார். இதில் வீவிங்கின் கண்களைக் கவனிக்காதீர்கள், எதிராளி பேசும்போது அவர் தலையை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று பாருங்கள். இதற்கு ஏ.எஃப்.ஐ. (ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவனம்) சிறந்த நடிகர் விருது கிடைத்தது. என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த படம் இதுதான்.

அடுத்தது 1994இன் 'ப்ரிசில்லா'. சிட்னியிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு பஸ்ஸில் போகும் டிராக் கலைஞர்களில், அதாவது பெண் வேடமிட்டு மேடையேறுபவர்களில், ஒருவராக வருவார். முந்தின படத்தின் இறுக்கம் கொஞ்சமும் இருக்காது.

'தி இன்டர்வியூ' (1998) பார்க்க ராத்திரிதான் சரி, போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். படத்தின் பெரும்பகுதி போலீஸ் விசாரணை அறைக்குள்ளேயே ஓடுகிறது. இவர் அப்பாவியா குற்றவாளியா என்று நீங்கள் ஒரு முடிவுக்கு வந்த அடுத்த நிமிடம் அந்த முடிவு ஆட்டம் காணும். இரண்டாவது ஏ.எஃப்.ஐ. இதற்கு. மூன்றாவது, ஹெராயினுக்கு அடிமையான முன்னாள் ரக்பி வீரராக நடித்த 'லிட்டில் ஃபிஷ்' (2005), கேட் பிளாஞ்செட்டும் உண்டு.

'வி ஃபார் வென்டெட்டா'வில் படம் முழுக்க முகமூடி. முகமே தெரியாத ஒருவர் மேல் பார்ப்பவருக்குப் பரிவு வருவது எப்படி என்று தெரிய, ஏதாவது ஒரு நீண்ட வசனத்தைக் கண்ணை மூடிக் கேளுங்கள்.

கடைசியாக 'ஹாக்ஸா ரிட்ஜ்' (2016). முதல் உலகப் போரில் நண்பர்களைப் பறிகொடுத்துக் குடியில் விழுந்த அப்பா, மகனுக்காகப் பழைய ராணுவ உடுப்பை மாட்டிக்கொண்டு ராணுவ நீதிமன்றத்துக்கு வந்து நிற்பார். அந்தக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள், இந்தத் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு.