எட்டு ஜிபி ரேமும் மூன்று ராத்திரியும்: பழைய எச்61 கம்ப்யூட்டரை வேகப்படுத்தும் செய்முறை

மச்சானுக்குத் திருப்பூர் அங்கேரிபாளையம் ரோட்டுப் பக்கம் பன்னிரண்டு பவர் டேபிள் தையல் மெஷின் ஓடும் சின்னப் பனியன் யூனிட். ஆபீஸ் ரூமில் 2012-இல் வாங்கிய ஒரு டெஸ்க்டாப். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு பேக்கரிக்குப் போய் ஒரு டீயும் தேங்காய் பன்னும் முடித்துத் திரும்பினால்தான் டாலி கணக்கு மென்பொருள் திறந்திருக்கும். தீபாவளி போனஸ் கணக்குப் போடும் நேரத்தில் அது நடுவில் நின்றுபோக, மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. "மாப்ளே, இதைக் காயலான் கடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கலாமுங்களா?" என்றார். நான்தான் வீராப்பாக, "ரெண்டு நாள் குடுங்க மச்சான், பார்த்துத் தர்றேன்" என்றேன்.

ரெண்டு நாள் ரெண்டு வாரமானது. அதில் பாதி, ஒரு ரேம் ஸ்டிக்கரில் இருந்த நாலு எழுத்தை நான் படிக்காததால் போனது. அதனால் கீழே அந்தப் பகுதி மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேபினெட்டைத் திறப்பது, டெலிட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரை) போவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் மதர்போர்டு எதுவென்று பாருங்கள்

வாங்கிய பில்லை நம்பாதீர்கள், நடுவில் யாராவது போர்டை மாற்றியிருக்கலாம். சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, மெயின்போர்டு என்ற பகுதியில் மாடல் பெயரையும் சிப்செட்டையும் (போர்டின் எல்லைகளை முடிவு செய்யும் சிப்) எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகாத நிலையில் இருந்தால், போர்டிலேயே ஸ்லாட்டுகளுக்கு நடுவில் மாடல் பெயர் அச்சிட்டிருக்கும்.

எங்களுடையது எச்61 சிப்செட், ஐ3-2120 ப்ராசசர், நாலு ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். அந்தக் காலத்தில் நம் ஊரில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் இந்த எச்61 ஏராளம். அதன் எல்லைகள் இவை: ரேம் ஸ்லாட் இரண்டுதான், ஒன்றுக்கு எட்டு ஜிபி, மொத்தம் 16-க்கு மேல் ஏறாது. டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வழியின் வேகம் நொடிக்கு மூன்று ஜிகாபிட் மட்டும். சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில், என்விஎம்இ என்ற புதிய வகையை அடாப்டர் வைத்து மாட்டினாலும், பயாஸைக் குடையாமல் அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாது. எனவே சாதா 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும்.

வாங்கும் வரிசையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதலில் எஸ்எஸ்டி, அடுத்து ரேம், காசு மிச்சமிருந்தால் ப்ராசசர். கணக்குப் பார்க்கும் மெஷினுக்கு கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையை நம்பி கார்டு மாட்டுவது, மொபெட்டில் நெல் மூட்டை ஏற்றுகிற மாதிரி.

பஞ்சு

பனியன் கம்பெனிக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ப்ராசசர் மேல் இருக்கும் ஹீட் சிங்கின் இடுக்குகளில் பஞ்சு படிந்து, கம்பளி மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. பாதி வேகக் குறைவுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சூடு ஏறினால் ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

யூனிட்டில் ஓவர்லாக் மெஷினை ஊதித் துடைக்கும் கம்ப்ரஸர் இருக்கும், அதை அப்படியே எடுத்து அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள். குழாயில் தங்கிய தண்ணீர் போர்டில் தெறிக்கும். காற்று வேகத்தில் ஃபேன் தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும். பெயின்ட் பிரஷ் ஒன்று, வீட்டில் இருந்தால் ஒரு சின்ன புளோயர், ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொள்ள ஒரு விரல், அவ்வளவுதான். திறந்த கையோடு போர்டில் இருக்கும் உருளை கெபாசிட்டர்களின் தலையையும் பாருங்கள். தலை உப்பியிருந்தால் அந்தப் போர்டுக்கு மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள்.

எஸ்எஸ்டி மாட்டுவது

மாட்டுவதில் ஒன்றுமில்லை, ஒரு டேட்டா கேபிள், ஒரு பவர் கேபிள். பழைய விண்டோஸை அப்படியே நகல் எடுப்பதா, புதிதாகப் போடுவதா என்பதுதான் கேள்வி. வீட்டுக் கம்ப்யூட்டராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு புதிதாகப் போடச் சொல்வேன். இங்கே டாலி, பழைய பிரிண்டர் டிரைவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால் நகல் எடுத்தேன்.

டிஸ்க்கை நகல் எடுக்க குளோன்ஜில்லா எனக்குப் பிடித்த கருவி. ஆனால் அது சாதாரணமாக, நகல் போகும் டிஸ்க் மூல டிஸ்க்கைவிடச் சிறியதாக இருந்தால் ஒப்புக்கொள்ளாது. 500 ஜிபி ஹார்டு டிஸ்க்குக்கு 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினால்கூட முரண்டு பிடிக்கும். ஒன்று, எஸ்எஸ்டி கம்பெனி தரும் குளோன் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அவற்றில் பலவும் தானாகவே சுருக்கிக்கொள்ளும். இல்லையென்றால் டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்ட்டிஷன்களை முன்னதாகவே சுருக்கிக்கொள்ளுங்கள். எதைச் செய்வதற்கு முன்பும் டாலி டேட்டா ஒரு பென் டிரைவில் ஏறிவிட வேண்டும்.

அப்புறம் பயாஸில் சாட்டா மோடு ஐடிஇ (பழைய முறை) என்று இருந்தால் ஏஎச்சிஐ (புதிய முறை) ஆக்க வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். விண்டோஸ் 10 என்றால், எம்எஸ்கான்ஃபிக் திறந்து சேஃப் பூட் டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்ததும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

மூன்று ஜிகாபிட் வேகம்தானே என்று தயங்க வேண்டாம். பெரிய ஃபைலை நகர்த்தும்போது நொடிக்கு 270, 280 எம்பி வரை வரும். அதைவிட முக்கியம், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பது. பழைய டிஸ்க்கின் முள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க மிச்சம். இப்போது மச்சான் பேக்கரிக்குப் போக வேறு காரணம் சொல்கிறார்.

ரேம்: நான் கவிழ்ந்த இடம்

ஆன்லைனில் 'எட்டு ஜிபி, டிடிஆர்3, 1600' என்று ஒரு ரேம் மலிவாகக் கிடைத்தது. டிடிஆர்3, 240 பின், வெட்டு இருக்கும் இடமும் பொருந்துகிறது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று வாங்கிவிட்டேன்.

மாட்டி ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. நீளமான பீப் திரும்பத் திரும்ப. பென்சில் ரப்பரால் தங்க நிறக் காலைத் தேய்த்தேன். ஸ்லாட் மாற்றினேன். பயாஸ் செட்டிங்கை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். பழைய ரேமைப் போட்டால் ஓடுகிறது, புதியதைப் போட்டால் இருட்டு. விற்றவரிடம் கேட்டு வேறொன்று வரவழைத்தேன், அதுவும் அப்படியே. ராத்திரி பதினோரு மணிக்கு மச்சான் எட்டிப் பார்த்து, "ஏனுங் மாப்ளே, இருந்ததும் போச்சுங்களா?" என்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் வேறு வேலையாகக் கோவை போனவன், காந்திபுரத்தில் ஒரு சின்னக் கடையில் அந்த ரேமை நீட்டினேன். கல்லாவில் இருந்த தம்பி வாங்கி, ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். "அண்ணா, இது ஏஎம்டி ரேமுங். இன்டெல்லுல ஓடாது." அவ்வளவுதான், இரண்டு நொடி.

விஷயம் இது. ரேம் என்பது சின்னச் சின்னச் சிப்புகளின் கூட்டம். ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் எட்டு பிட் தரலாம், அல்லது நாலு பிட் தரலாம். நாலு பிட் சிப்புகளை அடுக்கிச் செய்த மலிவு ரேம்களை ஏஎம்டியின் பழைய ப்ராசசர்கள் ஏற்றுக்கொள்ளும். இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு அந்த அமைப்பு புரியாது. போர்டு, பயாஸ் எதை மாற்றினாலும் பயனில்லை.

எனவே ஸ்டிக்கரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய எட்டு ஜிபி ரேமில் '2ஆர்எக்ஸ்8' என்று இருக்க வேண்டும். ஆர் எழுத்துக்கு முன்னால் இருப்பது, சிப்புகள் எத்தனை வரிசை (ரேங்க்) என்பது. எக்ஸ் எழுத்துக்குப் பின்னால் இருப்பது, ஒரு சிப் தரும் பிட். கடைசி எண் 4 என்றால் தொடாதீர்கள்.

'1ஆர்எக்ஸ்8' என்று எட்டு ஜிபி ரேம் வந்தாலும் வேண்டாம். அதில் மொத்தமே எட்டுச் சிப், ஒவ்வொன்றும் எட்டு ஜிகாபிட். நம் ப்ராசசர் தலைமுறைக்கு நாலு ஜிகாபிட் சிப் வரைதான் தெரியும். சிப்பை எண்ணிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏஎம்டி ரேமிலும் சரியான ரேமிலும் பதினாறு சிப்தான் இருக்கும்.

அடுத்து, 'பிசி3-12800' என்ற எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்து. யூ என்றால் டெஸ்க்டாப் ரேம். ஆர் என்றால் சர்வர் ரேம், விலை ஆசை காட்டும், ஓடாது. பிசி3எல் என்று எல் சேர்ந்திருந்தால் குறைந்த வோல்டேஜில் ஓடக்கூடியது என்று பொருள், அது 1.5 வோல்ட்டிலும் ஓடும், பயமில்லை. ஸ்டிக்கரில் இந்த எழுத்துகளே இல்லாத ரேம்களும் சந்தையில் உண்டு. அவற்றை எதிரில் ஓட்டிக் காட்டினால் மட்டும் வாங்குங்கள். பழைய ரேமுக்கு ஆன்லைனைவிடக் கடைதான் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தத் தம்பியிடமே இரண்டு எட்டு ஜிபி வாங்கினேன். கடையில் ஒரு இன்டெல் போர்டில் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். 1600 வேக ரேமாக இருந்தாலும் ஐ3-2120 அதை 1333-இல்தான் ஓட்டும். அது கோளாறு இல்லை.

ப்ராசசர்

இதே சாக்கெட்டில் மூன்றாம் தலைமுறை ஐ5-3470 உட்காரும். இரண்டு கோருக்குப் பதில் நாலு. செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும்.

போர்டு கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான சிபியூ பட்டியலைப் பாருங்கள். எந்த ப்ராசசருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று அதில் இருக்கும். பட்டியலில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய ப்ராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். புதியதை மாட்டிவிட்டு அப்டேட் செய்யலாம் என்றால் திரையே வராது. பயாஸ் எழுதும்போது கரண்ட் போனால் போர்டு போச்சு. யூபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள், மாதாந்திர மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சாக்கெட்டில் இருக்கும் முடி மாதிரியான பின்களில் விரல் படக்கூடாது. தெர்மல் பேஸ்ட் ஒரு துவரம்பருப்பு அளவு போதும். கூலரின் நாலு காலையும் குறுக்கு வாட்டத்தில் அழுத்துங்கள், நாலு 'டக்' கேட்க வேண்டும். எனக்கு மூன்று கேட்டது, நாலாவதும் கேட்ட மாதிரி இருந்தது. பயாஸில் பார்த்தால் சும்மா நிற்கும்போதே சூடு 90 டிகிரியைத் தாண்டுகிறது. போர்டைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால், ஒரு காலின் வெள்ளை முனை துளைக்கு வெளியே வரவே இல்லை.

பிற்சேர்க்கை 1

இதைப் படித்துவிட்டுக் கரூரிலிருந்து ஒருவர், எட்டு ஜிபி போட்டும் பயன்படுவது 3.4 ஜிபிதான் என்று காட்டுகிறது என்கிறார். அவருடைய விண்டோஸ் 32 பிட். 64 பிட் போட்டால்தான் தீரும், அதற்குப் புதிதாக இன்ஸ்டால் செய்தாக வேண்டும். அப்படிப் புதிதாகப் போடுகிறவர்கள் கவனத்துக்கு: விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் கேட்கிறார்கள், நம்முடையது தேறாது. டாலி தேவையில்லாத வீடுகளுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன்.

பிற்சேர்க்கை 2

பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்கு எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனை மிச்சமில்லை. பழைய நாலு பின் முனையிலிருந்து மாற்றும் கேபிள் கிடைக்கும். அதில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே கட்டியாக வார்த்த முனை உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள், உள்ளே கம்பிகள் உரசி எரிந்த சம்பவங்கள் உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் குத்தி மாட்டியதாகப் பார்த்து வாங்குங்கள்.

பிற்சேர்க்கை 3

கோபியிலிருந்து வந்தது எனக்கே தோன்றாத சிக்கல். எல்லாம் மாட்டி ஒரு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் காலையில் நீலத்திரை. எஸ்எஸ்டி போய்விட்டது என்று நினைத்து வாரன்டிக்கு அனுப்பத் தயாராகிவிட்டார். திரையில் தேதி என்ன காட்டுகிறது என்று கேட்டேன். 2011 என்றார். சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது. மெயின் கரண்ட் போனதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, சாட்டா மோடை மறுபடி ஐடிஇ ஆக்கிவிடுகிறது. வாட்ச் கடையில் சிஆர்2032 என்று கேட்டு வாங்கி மாட்டி, பயாஸில் ஏஎச்சிஐ வைத்து, தேதியைச் சரிசெய்தார். மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் வழக்கம்போல் திறந்தது என்று எழுதியிருந்தார்.