போக்கிமான் அட்டைப் போட்டிக்குச் சொந்தக் கட்டுடன் செல்வது எப்படி?

போக்கிமான் அட்டைப் போட்டிக்கு நாமே அமைத்த கட்டுடன் செல்வதாயின், அதில் சரியாக 60 அட்டைகள் இருக்க வேண்டும். தாக்குதலுக்குச் சக்தி தரும் அடிப்படை ஆற்றல் அட்டைகளைத் தவிர, ஒரே பெயருடைய அட்டை நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆட்டத்தின் அச்சாக விளங்கும் அட்டையை நான்கு பிரதிகளும் வையுங்கள். அப்போதும்கூட அது முதலில் எடுக்கும் ஏழு அட்டைகளுக்குள் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடுதான். ஒற்றைப் பிரதியாக வைக்கும் அட்டையோ, தொடக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டு, எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுத்துக்கொள்ளும் ஆறு பரிசு அட்டைகளுக்குள் சிக்கிக்கொள்ளப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே, ஆட்டத்தில் முதன்முறையாகக் கட்டைப் புரட்டித் தேடும் வாய்ப்பு கிடைத்தவுடன், எவையெவை காணவில்லை என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்; புதியவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான் என்பது என் கணிப்பு.

முதல் ஏழு அட்டைகளில் அடிப்படைப் போக்கிமான் (வேறொன்றிலிருந்து பரிணமிக்காமல் நேரடியாகக் களமிறக்கக்கூடியது) ஒன்றும் இல்லையெனில், அவற்றை எதிராளிக்குக் காட்டிவிட்டு மீண்டும் கலைத்து எடுக்க வேண்டும். அவருக்கோ ஓர் அட்டை கூடுதலாக எடுக்கும் உரிமை கிடைத்துவிடும். அத்தகைய போக்கிமான்களைக் குறைத்துச் சிக்கனம் பிடிப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

போட்டிக்கு முந்தைய இரவே அட்டைப் பட்டியலை எழுதி, கட்டுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டைகளுக்கு இடும் பாதுகாப்பு உறைகள் அனைத்தும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். மூலை மடங்கிய ஓர் உறைகூட அடையாளமிட்ட அட்டையாக, அதாவது கவிழ்த்திருக்கும்போதே இனங்காணக்கூடியதாகக் கருதப்பட்டுத் தண்டனைக்கு வழிவகுக்கலாம் என்பதால், உதிரி உறைகள் சிலவற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள்.