மதர்போர்டை முதலில் வாங்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் தங்கை மகன், தன் முதல் கம்ப்யூட்டரைத் தானே பாகம் சேர்த்து உருவாக்கிவிட வேண்டும் என்ற ஆசையில் உதிரிபாகங்களை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தான். ரேம் என்ற நினைவகப் பட்டையை, எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகையான மதர்போர்டின் ஸ்லாட்டில் வைத்தபோது அது இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தலாமா என்று கேட்டவனைத் தடுத்து, ரேமையும் போர்டையும் விளக்கு வெளிச்சத்தில் அருகருகே பிடித்துப் பார்த்தேன். போர்டு டிடிஆர்5 என்ற புதிய ரேம் வகைக்கானது, ரேமோ டிடிஆர்4 என்ற முந்தைய வகை. இரண்டு வகை ரேமுக்கும் 288 பின்கள் (மின்தொடர்பு முனைகள்)தான், நீளமும் ஒன்றுதான். இடையிலுள்ள வெட்டு மட்டும் சற்றுத் தள்ளியிருக்கும். "பெட்டியில பேரு ஒண்ணாதானே இருந்துச்சு மாமா?" என்றான். அவன் சொன்னதிலும் தவறில்லை. இன்டெல் நிறுவனத்தின் பி760 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து நிர்வகிக்கும் சிப்) கொண்ட போர்டுகள் இரண்டு வகை ரேமுக்கும் தனித்தனியாக வருகின்றன. பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் ஓர் எழுத்தும் எண்ணும்தான் பல நேரங்களில் வேறுபாடு. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்5 வகை போர்டுகளில் இந்தக் குழப்பம் இல்லை. அவை டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும்.

அவன் செய்த உண்மையான தவறு ரேமில் இல்லை. விளக்கு மின்னும் போர்டு ஒன்றைப் பார்த்து மயங்கி, அதை முதலில் வாங்கிவிட்டு, மற்றவற்றை அதற்கேற்பத் தேடினான். எந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் என்பதை முடிவு செய்து, அதற்கான பிராசசரை, அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சிப்பை, தேர்ந்த பிறகே போர்டைப் பற்றி யோசிக்க வேண்டும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஒன்றாக இருக்கும்போது, சாதாரண போர்டுக்கும் அதைப் போல் இரு மடங்கு விலையுள்ள போர்டுக்கும் இடையே வேகத்தில் பெரும்பாலும் சொல்லத்தக்க வேறுபாடு இருப்பதில்லை.

பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட் பொருந்தினால் போதும் என்று நம்புவது அடுத்த தவறு; பழைய பாகங்களை வாங்குவோரே இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். இன்டெலின் எட்டாம் தலைமுறை பிராசசர்கள் 2017இல் வந்தபோது, முந்தைய தலைமுறைகளின் அதே எல்ஜிஏ 1151 சாக்கெட்டில்தான் உட்கார்ந்தன. ஆனால் அவற்றை இயக்க 300 வரிசை சிப்செட் தேவைப்பட்டது. பழைய போர்டில் பிராசசர் அழகாகப் பொருந்தும், கம்ப்யூட்டர் மட்டும் இயங்காது. சிப்செட் சரியாக இருந்தாலும் போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயோஸ் பழையதாக இருக்கலாம்: இன்டெலின் 600 வரிசை போர்டில் பதின்மூன்றாம் தலைமுறை பிராசசரையோ, ஏஎம்டியின் பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை பிராசசரையோ பொருத்த நினைப்பவர், எந்த பயோஸ் பதிப்பிலிருந்து அது ஏற்கப்படுகிறது என்பதைத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துவிட வேண்டும். பிராசசர் இல்லாமலே யுஎஸ்பி மூலம் பயோஸைப் புதுப்பிக்கும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு. அதற்காகச் சில ராண்ட் கூடுதலாகக் கொடுப்பது வீண் அல்ல. புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் போர்டே செத்துப்போகலாம் என்பதால், லோட்ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு ஏதும் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருவது நம் ஊருக்கே உரிய எச்சரிக்கை.

பணத்தைப் பொறுத்தவரை இரு பக்கமும் தவறு நடக்கிறது. வேகத்தை உயர்த்தவே முடியாத, பெயரில் கே என்ற எழுத்து இல்லாத இன்டெல் பிராசசரோடு வேகத்தை உயர்த்தும் வசதியுள்ள இசட்790 போர்டை வாங்குபவர், பயன்படாத வசதிக்காகக் காசு கொடுக்கிறார். எச்610 சிப்செட் வகையின் மிக மலிவான போர்டில் கோர் ஐ9 போன்ற மின்பசி மிக்க பிராசசரை மாட்டுபவரின் நிலை இன்னும் மோசம். பிராசசருக்கு மின்சாரத்தைச் சீர்செய்து கொடுக்கும் விஆர்எம் பகுதிக்கு மேலே வெப்பத்தை இழுக்கும் உலோகத் தகடுகூட அத்தகைய பல போர்டுகளில் இருக்காது. டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில், விசிறிக் காற்று சரியாக வராத கேபினட்டுக்குள் அந்தப் பகுதி கொதிக்கும்போது பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

போர்டின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருப்பதை நம்பி, பெயரில் எஃப் என முடியும் பிராசசரை வாங்கிவிட்டுத் திரையில் படம் வரவில்லை என்று தவிப்பவர்களும் உண்டு. அந்தப் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இயங்காது. தனி கார்டு வேண்டும். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைச் செருகும் எம்.2 ஸ்லாட்டுகளை எண்ணி மகிழ்வதும் போதாது, ஏனெனில் ஒரு ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டதும் மற்ற சேமிப்பு வட்டுகளை இணைக்கும் சில சாட்டா துளைகள் அணைந்துவிடும் போர்டுகள் பல. கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாங்கும் முன்பே அதைப் படிக்கலாம். அளவு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் பெரும்பாலும் 244க்கு 244, கேபினட் எதை ஏற்கும் என்று பார்த்தால் முடிந்தது.

சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி மலிவாக வாங்கிவரச் செய்வது நம்மிடையே வழக்கம். போர்டில் அது எனக்கு உடன்பாடில்லை. வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும் வாரண்டி இங்கே உதவாது. தென்னாப்பிரிக்காவில் வாங்கினாலோ, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. இணையத்தில் வாங்கியதைக் கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யவும் பொதுவாக வழியுண்டு.

ஆனால் பின்கள் வளைந்துபோன சாக்கெட்டுக்கு எந்த வாரண்டியும் பொதுவாகப் பேசாது. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டிலும் ஏஎம்டியின் ஏஎம்5லும் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, மயிரிழை போல. பிராசசரை மாட்டியதும் துள்ளி விழும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை என் தங்கை மகன் குப்பையில் போடப் போனான். பல கடைகள் அந்த மூடி இல்லாமல் போர்டைத் திரும்ப வாங்குவதில்லை. அதை எடுத்துப் பெட்டிக்குள், பில்லோடு சேர்த்து வைக்கச் சொன்னேன்.